முறிந்த எலும்புக்கு மெஷினும் மாத்திரையும்: ஜோடி சேர்ந்தால் பலன் இரட்டிப்பா?

செமஸ்டர் பரீட்சை ஒருவழியாக முடிந்தது. இந்த முறை எழுத எடுத்துக்கொண்டது எலும்பு. "நீ படிக்கிறது எலெக்ட்ரானிக்ஸ், உனக்கு எதுக்குடா எலும்பு?" என்று விடுதியில் ஏற்கனவே கேட்டுவிட்டார்கள். எனக்கும் 206 எலும்பு இருக்கிறது என்பது ஒரு பதில். இந்தக் கதையில் பாதி எலெக்ட்ரானிக்ஸ்தான் என்பது இன்னொரு பதில் :-)

விஷயத்துக்கு வருகிறேன். எலும்பு முறிந்தவர்களிடம் இரண்டு பொருளைச் சேர்த்து விற்கிற பழக்கம் பெருகியிருக்கிறது. ஒன்று, முறிந்த இடத்தின் மேல் வைக்கிற கருவி. அல்ட்ராசவுண்ட் அல்லது காந்த அலை. இன்னொன்று, கால்சியம், வைட்டமின் டி, கொலாஜன், புரோட்டீன் பவுடர் என்று ஒரு பை நிறையச் சத்துப் பொருள்கள். "கருவி வெளியே இருந்து எலும்பைத் தூண்டும், சத்து உள்ளே இருந்து கட்டும். ரெண்டும் சேர்ந்தா பாதி நாளில் கூடிடும்" என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீடு கட்ட மேஸ்திரியும் வேண்டும், செங்கலும் வேண்டும் என்பது மாதிரி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். பெரும்பாலான முறிவுகளுக்கு இந்த ஜோடி தேவையே இல்லை. உண்மையிலேயே உதவி தேவைப்படுகிற சிலருக்கோ, இந்த ஜோடியைக் கையில் கொடுத்து அனுப்புவது, அவர்களுக்கு வேண்டியது எது என்று தேடுவதைத் தள்ளிப்போடுகிறது. முதல் கூட்டத்துக்குப் பணம் போகிறது. இரண்டாவது கூட்டத்துக்குக் காலம் போகிறது. இரண்டாவதுதான் பெரிய நஷ்டம்.

நான் டாக்டர் இல்லை. படித்ததை வைத்து யோசித்து எழுதுகிறேன். உங்கள் கையோ காலோ உடைந்திருந்தால் ஆர்த்தோ டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், என்னை அல்ல.

எலும்பு எப்படிக் கூடுகிறது?

எலும்பு உடைந்ததும் அந்த இடத்தில் ரத்தம் கசிந்து உறைகிறது. அதை வெறும் ரத்தக்கட்டு என்று நினைக்கக் கூடாது. பழுது பார்க்கும் செல்களை வரவழைப்பதே அந்த உறைவும் அதைச் சுற்றி வருகிற அழற்சியும்தான். இரண்டு மூன்று வாரத்தில் இடைவெளியில் குருத்தெலும்பு மாதிரி மெத்தென்று ஒரு பாலம் உருவாகிறது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டி எலும்பாகிறது. அதற்கப்புறம் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், வேண்டாத இடத்தைச் செதுக்கி, வேண்டிய இடத்தைத் தடிமனாக்கி, பழைய வடிவத்துக்கு உடம்பே கொண்டுவருகிறது. தோலில் ஆழமாக வெட்டுப்பட்டால் தழும்பு விழும். எலும்பு அப்படி இல்லை, எலும்பாகவே கூடும். நம் உடம்பில் இந்தத் திறமை உள்ள பாகங்கள் ரொம்பக் குறைவு.

இதற்கு வேண்டியது என்ன? முறிந்த முனைகள் அருகருகே இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு ரத்தம் போக வேண்டும். அதிகமாக ஆடக் கூடாது. கவனிக்கவும், "அதிகமாக". துளிகூட அசையாமல் இருந்தாலும் அந்தப் பாலம் சரியாக உருவாவதில்லை. மிகச் சிறிய அசைவு எலும்பு வளரத் தூண்டுதலாக இருக்கிறது. மாவுக்கட்டு, உள்ளே வைக்கிற கம்பி, பிளேட் எல்லாம் இந்த நிலைமையை உண்டாக்கித் தருகிற ஏற்பாடுகள். கூட்டுகிற வேலையைச் செய்வது உடம்பு.

எத்தனை பேருக்கு அந்த வேலை தோற்கிறது? ஸ்காட்லாந்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் பதிவுகளை வைத்துச் செய்த கணக்கு ஒன்று 2017-இல் வெளிவந்தது. நூறு முறிவுகளில் கூடாமல் போவது சராசரியாக 1.9 என்றது அது. எல்லா எலும்புக்கும் இது ஒன்று போல இல்லை. முழங்காலுக்குக் கீழே உள்ள டிபியா, தோள்பட்டையில் உள்ள காறை எலும்பு இரண்டிலும் சில வயதினருக்கு இது 9 சதவீதம் வரை போகிறது. ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கூடிவிடுகிறது. இந்த 98 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கிறது.

கருவியின் கதை

இது ஏமாற்று வேலையாக ஆரம்பித்த கதை இல்லை. நல்ல அறிவியலில் ஆரம்பித்த கதை. 1957-இல் ஜப்பானில் ஃபுகாடா, யாசுதா என்ற இருவர், எலும்பை அழுத்தினால் அதில் மின்சாரம் உண்டாகிறது என்று காட்டினார்கள். கேஸ் அடுப்பு லைட்டரில் இருக்கிற அதே பீசோ எலெக்ட்ரிக் விளைவு. எலும்பு பளுவுக்கு ஏற்ப வளர்கிறது என்பது ஏற்கனவே தெரியும். அப்படியானால் அந்தச் செய்தியைக் கொண்டுபோவது இந்த மின்சாரம்தானோ? வெளியே இருந்து மின்சாரம் கொடுத்தால் எலும்பு ஏமாந்து வளருமோ? அருமையான கேள்வி. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாசெட் என்ற டாக்டர் துடிக்கும் மின்காந்த அலைகளை வைத்துப் பல வருடம் வேலை செய்தார். கூடாத முறிவுகளுக்கு அந்த மாதிரிக் கருவியை 1979-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதித்தது.

அனுமதி கிடைத்த பிறகு 1984-இல் லான்செட் இதழில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. ஒரு வருடமாகியும் டிபியா கூடாத 16 பேர். 9 பேருக்கு நிஜக் கருவி. 7 பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற, உள்ளே அலை வராத டம்மி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. எல்லோருக்கும் மாவுக்கட்டு போட்டு, காலில் பளு கொடுக்காமல் இருக்கச் சொன்னார்கள். 24 வாரம் கழித்துப் பார்த்தால் நிஜக் கருவியில் 9-க்கு 5 பேருக்குக் கூடியிருந்தது. டம்மியில் 7-க்கு 5 பேருக்கு! 16 பேரை வைத்துக் கருவி வேலை செய்யாது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. கருவியோடு சேர்ந்து வந்த ஓய்வும் கட்டும் ஒழுங்கான கவனிப்பும் எவ்வளவு வேலை செய்தன என்பது. டம்மி வைக்காமல் இருந்திருந்தால் அத்தனை பெயரும் கருவிக்குப் போயிருக்கும்.

அடுத்தது அல்ட்ராசவுண்ட். தினமும் 20 நிமிடம், 1.5 மெகாஹெர்ட்ஸ், சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட். இது மிகவும் மெல்லிய அலை. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. சாதாரண பிசியோதெரபி மையத்தில் தசை வலிக்கு வைக்கிற அல்ட்ராசவுண்ட் ஒரு வாட் அளவில் ஓடும், அதாவது 30 மடங்குக்கும் மேல். பெயர் ஒன்று, சமாச்சாரம் வேறு. எலும்புக்கு என்று ஆய்வு செய்ததைக் காட்டி இதை விற்றால் நம்பாதீர்கள்.

இந்த மெல்லிய அலைக் கருவிக்கு 1994-இல் புதிய முறிவுகளுக்கும், 2000-இல் கூடாத முறிவுகளுக்கும் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. 1994-இல் வந்த ஆய்வில் மாவுக்கட்டு போட்ட டிபியா முறிவுகள் கருவியோடு 96 நாளிலும் டம்மியோடு 154 நாளிலும் கூடின என்றார்கள். 1997-இல் மணிக்கட்டு முறிவில் 61 நாள், 98 நாள். யாருக்குத்தான் ஆசை வராது? இன்றுவரை விளம்பரங்களில் "மூன்றில் ஒரு பங்கு வேகம்" என்று வருவது இந்தக் காலத்து எண்களிலிருந்துதான்.

பிறகு பெரிதாகச் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் டிபியா முறிந்து உள்ளே கம்பி வைத்த 501 பேர். பாதிப் பேருக்கு நிஜம், பாதிப் பேருக்கு டம்மி. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் கருவிக் கம்பெனியும் உண்டு. அதனால் கருவிக்கு விரோதமாகத் திட்டம் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2016-இல் பி.எம்.ஜே. இதழில் முடிவு வந்தது. நடப்பதிலும் அன்றாட வேலைக்குத் திரும்புவதிலும் வித்தியாசம் இல்லை. எக்ஸ்ரேயில் கூடும் நாளிலும் வித்தியாசம் இல்லை. 2017-இல் அதே இதழில், நோயாளிகளும் உட்கார்ந்திருந்த ஒரு குழு, அதுவரை வந்த 26 ஆய்வுகளை அலசிவிட்டு, எலும்பு முறிவுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உறுதியாகப் பரிந்துரைத்தது. பலன் காட்டியவை எல்லாம் செய்முறையில் ஓட்டை உள்ள ஆய்வுகள். ஒழுங்காகச் செய்தவற்றில் பலன் காணாமல் போயிற்று.

இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013-இல், ஒன்பது மாதம் ஆகியும் கூடாத நீள எலும்பு முறிவுகளுக்கு இந்தக் கருவியை ஆதரித்தது. அறுவை சிகிச்சையைத் தவிர்க்க முடிந்தால் செலவு மிச்சம் என்பது காரணம். அதே அமைப்பு 2018-இல், சாதாரணமாகக் கூடக்கூடிய புதிய முறிவுகளுக்குப் பலன் இல்லை, பயன்படுத்தக் கூடாது என்றது. ஆக, கருவிக்கு ஏதாவது இடம் இருந்தால் அது கூடாத முறிவு என்கிற சின்ன மூலையில்தான். விற்பனை நடப்பதோ புதிதாகக் கட்டுப் போட்டவர்களிடம்.

சத்தின் கதை

இது இன்னும் சுவாரசியம். ஏனென்றால் இதில் உண்மை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

எலும்பு வெறும் கால்சியம் இல்லை. கம்பி கட்டி சிமென்ட் போட்ட காங்கிரீட் மாதிரி, கொலாஜன் என்கிற புரதம்தான் கம்பி, கால்சியமும் பாஸ்பரஸும் சிமென்ட். புரதம் இல்லாமல் எலும்பு இல்லை. கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போக வைட்டமின் டி வேண்டும். இதெல்லாம் பாடப்புத்தகச் செய்தி, சந்தேகம் இல்லை. இதிலிருந்து "அப்படியானால் கூடுதலாகச் சாப்பிட்டால் கூடுதல் வேகம்" என்று தாவுவதில்தான் பிரச்சினை. சிமென்ட் தட்டுப்பாட்டில் நின்றுபோன வீட்டுக்கு ஒரு லோடு சிமென்ட் வந்தால் வேலை நடக்கும். தேவையான சிமென்ட் ஏற்கனவே கிடக்கிற வீட்டுக்கு இன்னொரு லோடு வந்தால் வீடு சீக்கிரம் எழும்பாது. வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான்.

தட்டுப்பாடு இருக்கிறவர்களிடம் கதை வேறு. ஜெனீவாவில் இடுப்பு எலும்பு முறிந்த 82 முதியவர்களிடம் நடந்த ஆய்வு 1998-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு ஆறு மாதம் கூடுதலாக 20 கிராம் புரதம். அவர்கள் மறுவாழ்வு மருத்துவமனையில் இருந்த காலம் 33 நாள், மற்றவர்கள் 54 நாள். மூன்று வாரம் முன்னதாக வீட்டுக்குப் போவது எண்பது வயதில் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் அயோவாவில் அறுவை சிகிச்சை செய்த 400 பேரிடம், சில அமினோ அமிலங்களை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022-இல் வந்தது. எலும்பு கூடாமல் போனது கொடுத்தவர்களில் 5.1 சதவீதம், கொடுக்காதவர்களில் 13.2 சதவீதம். நல்ல செய்தி. ஆனால் அது ஒரே மருத்துவமனை. 96 நாள், 154 நாள் கதையை இப்போதுதான் பார்த்தோம், எனவே இன்னும் நாலு இடத்தில் இதே முடிவு வரட்டும் என்று காத்திருப்பதில் தப்பில்லை.

நான் படித்ததில் என்னை நிமிர வைத்தது 2007-இல் வந்த ஓர் ஆய்வு. சரியாகக் கட்டுப் போட்டும், காரணம் தெரியாமல் எலும்பு கூடாத 37 பேரை ஹார்மோன் டாக்டர்களிடம் அனுப்பி ரத்தப் பரிசோதனை செய்தார்கள். 31 பேருக்கு ஏதோ ஒரு குறை இருந்தது. 25 பேருக்கு வைட்டமின் டி குறைவு. தைராய்டு, பாராதைராய்டு கோளாறுகளும் சிலருக்கு. குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததில் 8 பேருக்கு வேறு அறுவை சிகிச்சை இல்லாமலே எலும்பு கூடியது. டம்மிப் பிரிவு வைத்த ஆய்வு இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். முதலில் தேடினார்கள், பிறகு கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே பையைத் தூக்கிக் கொடுக்கவில்லை.

வைட்டமின் சி பற்றி ஒரு வரி. மணிக்கட்டு முறிந்தவர்களுக்கு 50 நாள் தினமும் 500 மில்லிகிராம் கொடுத்தால், கை வீங்கி எரிந்து மாதக்கணக்கில் படுத்துகிற ஒரு வலி நோய் குறைகிறது என்றது 1999-இல் ஒரு டச்சு ஆய்வு. 2014-இல் வந்த இன்னொரு ஆய்வில் வித்தியாசம் இல்லை. எப்படியும் அது வலிக்காகச் சொன்னது. எலும்பை வேகமாகக் கூட்டுவதாக அந்த ஆய்வும் சொல்லவில்லை.

ஜோடி சேர்த்தால்?

இப்போது தலைப்பில் உள்ள கேள்வி. தனித்தனியாகச் சுமார்தான், ஒன்றாகச் சேர்ந்தால் பிரமாதமாக இருக்குமோ?

இருக்கலாம். அறிவியலில் அப்படி நடப்பதுண்டு. ஆனால் அதை நிரூபிக்க நான்கு பிரிவு வேண்டும். கருவி மட்டும், சத்து மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை (இவர்களுக்கு டம்மிக் கருவியும் டம்மி மாத்திரையும்). "இரண்டும்" பிரிவு மற்ற எல்லாவற்றையும் ஜெயித்தால் மட்டும் போதாது. இரண்டின் தனித்தனிப் பலனைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாக ஜெயித்தால்தான் "சேர்ந்தால் இரட்டிப்பு" என்று சொல்லலாம். அந்தக் கூடுதல் பலனைப் பிடிக்க, ஒரே பொருளின் அதே அளவுப் பலனைப் பிடிக்கத் தேவையான ஆட்களைப் போலச் சுமார் நான்கு மடங்கு ஆட்கள் தேவை. ஒரு கருவியைச் சோதிக்கவே 501 பேர் வேண்டியிருந்தது. கணக்கு எங்கே போகிறது என்று பாருங்கள்.

விற்கிறவருக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. அவருக்குத்தான் அந்த 98 இருக்கிறதே! எதை விற்றாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேர் குணமாகித் திரும்பி வந்து நன்றி சொல்வார்கள்.

எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் கால்பந்து விளையாடும்போது விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அரசு மருத்துவமனையில் சரிசெய்து மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். ஊரில் யாரோ சொன்னார்கள் என்று அவன் அப்பா வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போனார். "மெஷின் மட்டும் வெச்சா பத்தாது தம்பி, உள்ளுக்கும் சத்து போகணும். பேக்கேஜா எடுத்துக்கோங்க, அப்பதான் கை பழையபடி வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேக்கேஜ் விலை, அவனுடைய ஒரு செமஸ்டர் விடுதிக் கட்டணத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அவன் அப்பா தையல்காரர். பையனின் வலது கை என்றதும் கடன் வாங்கவே தயாராகிவிட்டார். மறுபரிசோதனைக்குப் போனபோது அரசு மருத்துவமனை டாக்டர், எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆறு வாரத்துல பிரிச்சிடலாம். ஒண்ணும் வாங்க வேணாம், விரலை மட்டும் ஆட்டிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டார். ஆறு வாரத்தில் பிரித்தார்கள், கூடியிருந்தது.

இது எதையும் நிரூபிக்கவில்லை, ஒரே ஒரு கை. ஆனால் இதைத் திருப்பிப் பாருங்கள். அவன் அந்தப் பேக்கேஜை வாங்கியிருந்தால், அதே ஆறாவது வாரத்தில் அதே கை கூடியிருக்கும். அவன் அப்பா ஊர் முழுக்க அந்த இடத்தைச் சிபாரிசு செய்திருப்பார். பொய் சொல்லியிருக்க மாட்டார், நன்றியோடு உண்மையாகவே நம்பிச் சொல்லியிருப்பார். இந்த வியாபாரத்துக்கு ஏமாற்றுக்காரர்கள்கூடத் தேவையில்லை, நன்றியுள்ளவர்கள் போதும்.

மீதி இரண்டு பேர் கதைதான் எனக்குக் கவலை. அவர்கள் எலும்பு கூடாததற்கு ஒரு காரணம் இருக்கும். உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். கம்பி தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கலாம். ரத்தம் போகாத இடமாக இருக்கலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் இருக்கலாம். சிகரெட்டோ பீடியோ விடாமல் இருக்கலாம். கருவி பையில் இருக்கிற வரை "இன்னும் ஒரு மாசம் வெச்சுப் பார்ப்போம்" என்று நாள் போகும். மெல்லிய அல்ட்ராசவுண்ட் சீழைச் சரிசெய்யாது. கால்சியம் மாத்திரை தளர்ந்த கம்பியை இறுக்காது.

"கெடுதல் இல்லையே, எடுத்தால் என்ன?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், அதனால் நானே கேட்டுக்கொள்கிறேன்.

கருவியால் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை, உண்மை. பர்சுக்கு உண்டு. மாத்திரை விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. நம் ஊரில் வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுப்பதைத் தினம் ஒன்று என்று சாப்பிடுகிறவர்கள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் தைராய்டு மாத்திரை சரியாக ஏறாது, நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பேக்கேஜ் விற்கிறவர் இதையெல்லாம் கேட்பாரா?

"நம்பிக்கையாவது கிடைக்குமே" என்பது அடுத்த வாதம். நம்பிக்கை நல்லதுதான். ஆனால் அதை வட்டிக்குக் கடன் வாங்கி வாங்க வேண்டியதில்லை. "உன் எலும்பு தானே கூடும், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாய்ப்பு" என்று ஒரு டாக்டர் இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொன்னால் அதைவிடப் பெரிய நம்பிக்கை கிடையாது. அந்த இரண்டு நிமிடம் கிடைக்காததால்தான் ஜனங்கள் வேறு இடம் தேடிப் போகிறார்கள். புத்தூர் கட்டுக்குக் கூட்டம் போவதற்கும் இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அங்கே தொட்டுப் பார்த்துப் பேசுகிறார்கள், செலவும் குறைவு. எக்ஸ்ரே இல்லாமல் இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டம் நின்றுபோன கைகளும் உண்டு என்பதால் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் போகிறவர்களை முட்டாள் என்று சொல்லவும் மாட்டேன்.

ஆட்டுக்கால் சூப் பற்றிக் கேட்பீர்கள். எலும்பைக் கொதிக்க வைத்தால் கால்சியம் தண்ணீரில் அவ்வளவாகக் கரைவதில்லை, அதனால் சூப்பில் கால்சியம் கொஞ்சம்தான். சூடாக, ருசியாக, பசியைத் தூண்டுகிறது, அந்த மட்டில் நல்லது. கால்சியம் வேண்டுமானால் கேழ்வரகுக்கு வாருங்கள், நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் என்கிறது 2020-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். பட்டியல். கூழ், தயிர், எள், கீரை, நெத்திலிக் கருவாடு என்று சேர்த்தாலே பெரும்பகுதி வந்துவிடும். பிரண்டையைப் பொறுத்தவரை, 1960-களில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் விலங்குகளில் சோதித்து, முறிவு சீக்கிரம் கூடுவதாக எழுதினார்கள். விலங்கு வேறு, மனிதன் வேறு. துவையல் அரைத்துச் சாப்பிட யார் தடுத்தது? நாக்கு அரிக்காமல் நன்றாக வதக்கினால் சரி :-)

அப்படியானால் என்னதான் செய்வது?

என்னைக் கேட்டால் வரிசை இதுதான்:

1. ஒழுங்காகக் கட்டுப் போட்டுக்கொள்வது, சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போவது. "வலி இல்லையே" என்று போகாமல் இருப்பதுதான் பல கோளாறுகளுக்கு ஆரம்பம்.

2. புகையை நிறுத்துவது. எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்று நன்றாகத் தெரிந்த விஷயம் இது. நிறுத்தச் செலவு பூஜ்யம், மிச்சம் வேறு.

3. வயிறாரச் சாப்பிடுவது, முக்கியமாகப் புரதம். படுத்துக் கிடக்கிற தாத்தா பாட்டிக்கு ரசம் சாதமும் இட்லியும் மட்டும் கொடுத்து "லேசா இருக்கட்டும்" என்கிறோம். அவர்களுக்குத்தான் முட்டை, பருப்பு, பால், சுண்டல் அதிகம் வேண்டும். ஜெனீவாவில் கொடுத்த 20 கிராம் புரதம் கிட்டத்தட்ட மூன்று முட்டை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

4. டாக்டர் சொன்ன அளவுக்குப் பளு கொடுத்து நடப்பது, விரல்களை ஆட்டுவது. ஃபுகாடாவும் யாசுதாவும் கண்டுபிடித்த அந்த மின்சாரம் இலவசமாக உண்டாகிற வழி இது.

5. வைட்டமின் டி குறைவாக இருக்க வாய்ப்புள்ளவர்கள், வீட்டை விட்டு வெளியே வராத முதியவர்கள் மாதிரி, டாக்டர் சொல்கிற அளவில் எடுத்துக்கொள்வது.

6. மாதங்கள் போயும் எக்ஸ்ரேயில் முன்னேற்றம் இல்லை என்றால், முதல் கேள்வி "என்ன வாங்கலாம்?" என்று இருக்கக் கூடாது, "ஏன் கூடவில்லை?" என்று இருக்க வேண்டும். ரத்தம், சர்க்கரை, தைராய்டு, கிருமி எல்லாம் பார்த்த பிறகு, அறுவை சிகிச்சை முடியாத நிலையில் கருவியை ஒரு வாய்ப்பாக டாக்டர் சொன்னால், அப்போது அதைப் பற்றிப் பேசலாம்.

இந்த வரிசையில் கருவி கடைசியில் இருக்கிறது, மாத்திரைப் பை இல்லவே இல்லை. விற்கிற இடத்தில் வரிசை தலைகீழாக இருக்கிறது. என் சண்டை அந்த வரிசையோடுதான், கருவியோடு அல்ல. கருவி செய்தவர்கள் நல்ல கேள்வி கேட்டார்கள், பெரிய ஆய்வுக்கும் உட்பட்டார்கள், பதில்தான் சாதகமாக வரவில்லை. அந்தப் பதிலை மறைத்துவிட்டு, கூடவே ஒரு பை சத்து மாத்திரையை வைத்து "புதிய கூட்டு சிகிச்சை" என்று பெயர் மாற்றினால் பதில் மாறிவிடாது.

யாராவது உங்கள் வீட்டில் இப்படி ஒரு பேக்கேஜை நீட்டினால், பணிவாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், இது எதுவும் எடுக்காதவங்களுக்கு எத்தனை நாள்ல கூடுச்சு?" பதில் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் மேலே பேசுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்கு மூன்று மாதம் முட்டை வாங்கலாம், மீதியும் இருக்கும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள், முக்கியமாக மருத்துவம், பிசியோதெரபி படிக்கிறவர்கள், தாராளமாகச் சண்டைக்கு வரலாம். அடுத்த முறை வேறொரு விஷயத்தோடு சந்திப்போம். அதுவரை ஹெல்மெட் போட்டு மெதுவாக ஓட்டுங்கள். 206-ம் பத்திரம்!